மதகில் இறங்கவும்

கும்பகோணத்தில் வழி கேட்டால் "தெரியாது" என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்ட தெரு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்தான் எல்லாரையும்விடத் தைரியமாகக் கையை நீட்டுவார். வெற்றிலைக் கடையில் நிற்கிற நாலு பேரிடம் கேட்டால் நாலு திசை கிடைக்கும். ஐந்தாவதாக ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, அந்த நாலும் தப்பு என்று சொல்லித் தன் பங்குக்கு ஒன்று கொடுப்பார்.

நான் அப்போது சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கட்டட என்ஜினியரிடம் படம் வரைகிற வேலையில் இருந்தேன். அவருடைய ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. படி ஏறும்போதும் இறங்கும்போதும் கீழே யாராவது லாட்ஜ் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கோயில் பார்க்க வந்தவர், பித்தளைப் பாத்திரம் வாங்க வந்தவர், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர், முதுகில் மூட்டையோடு வந்த வெள்ளைக்காரர், எல்லாருக்கும் ஒரே புகார்தான். மேனேஜர் சொன்ன வழியில் போனோம், இடம் வரவில்லை.

வராது. அவர் வழி சொல்கிற முறை அப்படி. "நேரா போயி, பழைய டாக்கீஸ் இருந்த எடத்துல கிழக்கால திரும்பி, அப்படியே தெக்கால எறங்குங்க." டாக்கீஸை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கிழக்கு எது என்று அந்த வெள்ளைக்காரர் உச்சி வெயிலில் நின்று கேட்டார். "சன் கமிங் சைடு" என்றார் மேனேஜர். வெள்ளைக்காரர் தலைக்கு நேர் மேலே பார்த்தார்.

அவர் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீதான் படமெல்லாம் போடுறியே. இதுங்களுக்கு ஒரு தாள் எழுதிக் குடேன். தெனம் என் உசுர வாங்குதுங்க."

எழுதினேன். வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் தொலைந்தால் பயப்பட வேண்டாம், ஆறு வந்தால் திரும்பவும். "பக்கத்துலதான்" என்று சொன்னால் ஒரு மைல் தொலைவு என்று எடுத்துக்கொள்ளவும். "கொஞ்ச தூரம்" என்று சொன்னால் வண்டி பிடிக்கவும். குதிரை வண்டிக்காரர், ரிக்‌ஷாக்காரர் இரண்டு பேரும் நீங்கள் கேட்ட இடத்துக்கு முன்னால் ஒரு பாத்திரக் கடையில் நிறுத்துவார்கள், இறங்க வேண்டாம்.

தெருப் பெயருக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. தெருப் பெயர்களில் இருந்த சாதியை எடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. நகராட்சி ஆள் தார் டப்பாவோடு வந்து ஒவ்வொரு பலகையிலும் பாதிப் பெயரை அழித்துவிட்டுப் போனார். பலகையைப் படிக்கிற வெளியூர்க்காரருக்கு ஒரு பெயர், கடைக்காரர் வாயில் வேறு பெயர். தாருக்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று நகரம் முழுக்க மனப்பாடம். எழுத்து போனதில் கஷ்டப்பட்டது அதைப் படிக்கத் தேவைப்பட்ட வெளியூர்க்காரர் மட்டும்தான். "தெருப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம், கடைப் பெயரைச் சொல்லிக் கேட்கவும்" என்று போட்டேன்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'யாரையும் நம்பாதீர்கள்'னு எழுதியிருக்கியே, நம்ம ஊரு மானம் என்னாகுறது?"

"நம்பிப் போனவங்கதான சார் திரும்பி வந்து உங்களத் திட்டுறாங்க."

"அதயே கொஞ்சம் மரியாதையா எழுது."

"ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்ளவும்" என்று மாற்றினேன்.

"இப்ப பாரு. அதே சமாச்சாரந்தான், கோயில் போர்டு மாதிரி இருக்கு." தாளை மடித்து வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "ஒனக்கு எந்த ஊரும்மா?"

சொன்னேன். குடவாசலைத் தாண்டி இருக்கிற ஒரு கிராமம்.

"ஓ, அங்கயா. ஊருலயா, காலனியா?"

எங்கள் பக்கத்தில் சாதி கேட்பவர்கள் யாரும் இல்லை. இடம்தான் கேட்பார்கள். ஒரு கிராமத்துக்குப் பெயர் ஒன்றுதான், ஆனால் இடம் இரண்டு. கோயில், குளம், மிராசுதார் வீடு, ரேஷன் கடை, கட்சிக் கொடிக் கம்பங்கள், பஸ் நிற்கிற இடம் எல்லாம் இருக்கிற பகுதிக்கு "ஊர்" என்று பெயர். நாங்கள் இருந்தது வாய்க்காலுக்குத் தெற்கே. அதை முதலில் தெரு என்றார்கள், அரசாங்கம் ஓட்டு வீடு கட்டிக் கொடுத்த பிறகு காலனி என்றார்கள். காலனிக்காரர்கள் மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பும்போது "ஊருக்குப் போய்ட்டு வர்றேன்" என்பார்கள். அவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்று ரேஷன் கார்டில் எழுதியிருக்கும்.

"மதகுக்குத் தெக்கால சார்" என்றேன். மேனேஜருக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தன் டம்ளரில் எனக்குக் காபி ஊற்றச் சொல்லவில்லை, தனியாக ஒன்று வாங்கி வைத்தார். தாளை மட்டும் அச்சடித்து எல்லா அறையிலும் ஒட்டினார்.

இந்த "ஊர்" என்கிற வார்த்தையால் எங்கள் குடும்பம் நிலத்தை இழக்கிற நிலையில் இருந்தது. அப்பா ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். அதற்கு முன் அதே பண்ணையில் கூலி ஆளாக இருந்தவர். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் எங்கள் பக்கம் சண்டை நடந்து, வயலோரம் போலீஸ் வேன் நிற்க அறுவடை செய்த வருஷங்களில் எனக்குச் சின்ன வயது. சட்டம் அப்புறம்தான் வந்தது. குத்தகைக்காரர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார், இவர் குத்தகைக்காரர் இல்லை, கூலிக்கு உழுகிறவர் என்றார். உண்மை எது என்று நேரில் விசாரிக்க அதிகாரி வருவார் என்று நோட்டீஸ் வந்தது. சண்டை போட்டு வாங்கின சட்டத்தை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரி டவுன் பஸ்ஸில் வந்தார்.

நோட்டீஸில் "கிராமத்தில் விசாரணை" என்று இருந்தது. அப்பா சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வயலில் நின்றார். அதிகாரி பஸ்ஸை விட்டு இறங்கினதும் "ஊரு எங்க இருக்கு?" என்று கேட்டார். மிராசுதாரின் கார் அங்கேயே நின்றது. ஊருக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு போட்டார்கள். "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்த தடவை அப்பா புத்திசாலித்தனமாக மிராசுதார் வீட்டுக்கே போனார். அது இன்னும் மோசம். அதிகாரி உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருந்தார், அப்பா வாசலில் நின்றார். அந்த வாசலில் நிற்கும்போது அப்பாவுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். மிராசுதாரின் காரியக்காரர், அதாவது நிலத்தை மேற்பார்க்கிற ஆள், உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கூலிக்குத்தானடா உழுற?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வாய் தானா சொல்லிடுச்சு" என்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டே மேல்மனு எழுதி மறுவிசாரணை வாங்கிக் கொடுத்தார். அதுதான் கடைசி. அதிலும் பெயர் ஏறவில்லை என்றால் அடுத்த போகத்துக்கு அப்பா அந்த வயலில் கால் வைக்க முடியாது.

மறுவிசாரணைக்கு மாற்றலாகி வந்த அதிகாரி மெட்ராஸ்காரர். குடவாசல் பக்கம் தங்குகிற மாதிரி இடம் இல்லை என்று எங்கள் லாட்ஜில் அறை எடுத்திருந்தார். ஒரு நாள் என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஷூவில் முகம் பார்க்கலாம். தோளில் பிளாஸ்க்.

"இத எழுதினது நீங்களாம்மா? இதப் பாத்துதான் காபி கிளப்புக்கே போனேன். இதே மாதிரி கிராமத்துக்கும் எழுதிக் குடுங்களேன். தஞ்சாவூர்ப் பக்கம்னா பச்சப் பசேல்னு இருக்கும்னாங்க, எங்க எறங்குறதுன்னு எவனும் சொல்லல."

போக வேண்டிய கிராமங்களின் பெயர்களைக் காட்டினார். எங்கள் கிராமமும் இருந்தது.

"இது எங்க கிராமம் சார். விசாரணை எங்கப்பாவோடதுதான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் யாருக்கும் சாதகமா நடக்கிறவன் கிடையாது."

"நீங்க சாதகமா நடக்க வேணாம் சார். நான் எழுதுற எடத்துல எறங்கினாப் போதும்."

மற்ற கிராமங்களுக்குச் சாதாரணமாக எழுதினேன். எங்களுடையதற்கு எழுதியது இது: குடவாசலில் பஸ் மாறியதும் கிராமத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டாம், "மதகு" என்று கேட்கவும். கண்டக்டர் "ஊரிலேயே இறங்குங்க" என்பார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்வார், ஒப்புக்கொள்ள வேண்டாம். செங்கல் காளவாய் தாண்டியதும் எழுந்து படிக்கு வரவும், இல்லாவிட்டால் நிற்காது. இறங்கியதும் "ஊர் எங்கே" என்று யாரையும் கேட்க வேண்டாம். கார் வந்தால் அது வேறு இடத்துக்குப் போகிற கார்.

விசாரணை நாளில் நான் லீவு போட்டுவிட்டு மதகடியில் நின்றேன். மதகு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாலைக்குப் பக்கத்தில் வாய்க்கால் பிரிகிற இடம், உட்காருகிற உயரத்தில் இரண்டு செங்கல் சுவர், நடுவில் தண்ணீரை அடைக்கவும் விடவும் ஒரு மரப்பலகை. ஆவணி மாதம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். அப்பா துவைத்த சட்டையோடு நின்றார். இன்னொருவரும் நின்றார். ஊர்க்காரர், சிறிய விவசாயி, அப்பாவின் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. அவருக்கும் அப்பாவுக்கும் தண்ணீர் முறைக்காக ஓயாத சண்டை. நாங்கள் மதகில் நிற்பதைப் பார்த்ததும், பலகையைத் தூக்கத்தான் மகளையும் கூட்டி வந்திருக்கிறார் என்று முடிவு செய்து, மண்வெட்டியோடு காவலுக்கு வந்துவிட்டார். இன்றைக்கு அதிகாரி வருகிறார் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அதிகாரி மதகுக்கு எதற்கு வருகிறார்?

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "கேட்டு எறங்கிக்கிட்டீங்க சார், அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். அதிகாரி தாளைக் கையில் பிடித்தபடி இறங்கினார். "ஏம்மா, மதகுன்னு டிக்கெட் கேட்டா அந்தாளு என்னைக் கிறுக்கனப் பாக்குற மாதிரி பாக்குறான்" என்றார். பிறகு வயலைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். குறுக்கே கிடந்த தென்னை மரத்தைப் பார்த்தார்.

"பாலம் எங்க?"

"இதுதான் சார். நெல்லுக்கட்டு தூக்கிக்கிட்டு இதுலதான் போவாங்க."

"நான் நெல்லுக்கட்டு இல்லம்மா."

சட்டத்தைக் கரை சேர்க்க அனுப்பப்பட்டவர் ஒரு தென்னை மரத்தைத் தாண்டமாட்டார் என்பதை நான் முன்பே எதிர்பார்த்திருந்தேன். ஷூவைப் பார்த்த அன்றே தெரியும். "வயலு இங்கேர்ந்தே தெரியுது சார். இங்கயே விசாரிக்கலாம்" என்றேன். அது அவருக்குப் பிடித்தது. சுவரில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார், ஒரு ஷூ மட்டும் சேற்றில் பட்டுவிட்டது, அதைப் புல்லில் துடைத்தார். பிளாஸ்க்கைத் திறந்து குடித்தார். பைலைப் பிரித்தார்.

"மொதல்ல விசாரணை நடக்கிற எடத்த எழுதிக்குங்க சார்" என்றேன்.

"மதகடி" என்று பேனாவால் எழுதினார். நல்ல கையெழுத்து.

அவர் அடுத்த வரிக்கு வருவதற்குள் கார் வந்துவிட்டது. ஊர் ஸ்டாப்பில் காத்திருந்துவிட்டுக் கண்டக்டரிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள். காரியக்காரர் இறங்கினார். "என்ன சார் இது, இங்க வந்து எறங்கிட்டீங்க. எவனோ தப்பா வழி சொல்லியிருக்கான்." என்னைப் பார்த்தார். "ஊருக்கு வாங்க சார். அய்யா காத்திருக்காங்க. எலை போட்டாச்சு."

இலை என்றதும் அதிகாரியின் முகம் மாறியது. பேனாவை மூடிக்கொண்டு பாதி எழுந்தார்.

"எடம் எழுதிட்டீங்களே சார்" என்றேன்.

"அதுக்கென்ன, அடிச்சிட்டு மாத்தி எழுதிக்கலாம்."

"அடிச்சா பக்கத்துல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்ல சார்."

எல்லா அரசாங்கத் தாளும் "அடித்தல் திருத்தல் இன்றி" இருக்க வேண்டும். இவர்கள் வேறு எதை மதிக்காவிட்டாலும் அதை மதிப்பார்கள். என்ன காரணம் எழுதுவது என்று அவர் யோசித்தது தெரிந்தது. சாப்பாடு என்று எழுத முடியாது. மறுபடியும் கைக்குட்டையின் மேல் உட்கார்ந்தார். "இங்கயே முடிச்சிடலாம், பத்து நிமிஷம்" என்று காரியக்காரரிடம் சொன்னார். அப்பாவின் நிலத்தை அன்றைக்குக் காப்பாற்றியது நியாயமோ சட்டமோ இல்லை, ஒரு வார்த்தையை அடிக்கப் பயந்ததுதான்.

காரியக்காரர் நேரத்தை வீணாக்கவில்லை. "இதுல விசாரிக்க என்ன சார் இருக்கு. டேய், நீயே சொல்லுடா சார்கிட்ட. கூலிக்குத்தான உழுற?"

அப்பாவை விட அவருக்கு இருபது வயதாவது குறைவு. அப்பாவின் வாய் திறந்தது. எந்த வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

வருவதற்குள் மண்வெட்டிக்காரர் சிரித்துவிட்டார். "யாரு, இவன் கூலிக்காரனா? கூலிக்கு உழுறவன் எதுக்கு சார் என் மொறையில வந்து பலகையத் தூக்குறான்? பயிரு காஞ்சா பண்ணைக்குத்தான நட்டம், கூலிக்காரனுக்கு எங்க வலிக்குது?"

"யோவ், நீ சும்மா இருய்யா" என்றார் காரியக்காரர்.

"நீ சும்மா இருய்யா. வெத நெல்லு இவன் வாங்கிட்டு வந்தான், எருவ இவன் அடிச்சான், தண்ணிய எங்கிட்டேர்ந்து திருடுனான். கேக்க ஆளில்லன்னு நெனச்சியா? நல்ல வேள, இன்னிக்கு அதிகாரியே வந்துட்டாரு. எழுதிக்குங்க சார்."

"எவ்வளவு காலமா?" என்று அதிகாரி கேட்டார். பேனா மறுபடி திறந்திருந்தது.

"எங்கப்பன் இருந்த காலத்துலேர்ந்து. ஒவ்வொரு போகமும். திருட்டுப் பய."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. மிராசுதார் வாசலில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மதகில் தினமும் வரும். "யாரு திருடுனா? ஒன் வாயி அழுகிடும்யா. என் மொறைத் தண்ணிய நான் எடுத்தேன். என் பயிருக்கு நான் பாய்ச்சாம வேற எவன் வந்து பாய்ச்சுவான்?"

அதிகாரி தலை நிமிராமல் எழுதினார். "என் பயிருக்கு" என்பதை அப்படியே எழுதினார், நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எழுதி முடித்து உரக்கப் படித்தார். அப்பா குத்தகைக்காரர் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது என்பது காரியக்காரருக்குப் புரிந்த பிறகும் மண்வெட்டிக்காரருக்குப் புரியவில்லை. "தண்ணி திருடுனதும் அதுல இருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டார். இருக்கிறது என்றதும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். காரியக்காரர் அவரைப் பெயர் சொல்லித் திட்டினார். அவர் அதை அப்பாவோடு தனக்கு இருக்கிற சண்டையில் பண்ணை அப்பா பக்கம் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

அதிகாரி பைலைக் கட்டினார், கைக்குட்டையை உதறினார், காரில் ஏறி இலைக்குப் போனார். அதில் அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

மறுநாள் லாட்ஜில் மேனேஜர் என்னை நிறுத்தினார். "அந்த மெட்ராஸ் சாரு ரூமக் காலி பண்ணிட்டாரும்மா. நீ எழுதினதுல சேத்தப் பத்தி ஒண்ணுமே இல்லையாம். ஒரு ஷூ போச்சாம். அடுத்த தடவ அச்சடிக்கும்போது அத சேத்துடு." நான் சேர்க்கவில்லை. சேறு இருக்கும் என்று தெரிந்திருந்தால் அவர் இறங்கியிருக்கமாட்டார்.

உத்தரவு வந்தது. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் என்று அப்பாவின் பெயர் இருந்தது. முகவரியில் கிராமத்தின் பெயர் மட்டும்தான், ஊர் என்றும் இல்லை, காலனி என்றும் இல்லை. நான் படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார், அன்றைக்கு அவருடைய முறை.

இப்போதும் சண்டை நடக்கிறது. "ஒன்னப் பதிவு பண்ணிக் குடுத்ததே நான்தான்யா" என்று அந்த மனிதர் கத்துவது காலனி வரைக்கும் கேட்கும். அப்பா பலகையைத் தூக்கிக்கொண்டே "ஆமாங்க" என்பார்.